ஒரு மணி நேரப் பேச்சின் விலை

1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவியபோது, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறையிடத்தக்க குற்றவாளியாகவே கருதியது. வழக்குக்கு அஞ்சிய குடும்பங்கள் நடந்ததை மறைத்ததால், உடலுக்குக் கிடைத்த மருத்துவம் மனத்துக்குக் கிடைக்காமலே போயிற்று.

சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் மேற்கொண்டு 2008இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட, மற்றப் பிரிவினரிடம் வீடு திரும்பும் வேளையில் ஒரு மணி நேரம் பேசி, பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தனர். தற்கொலை இறப்பு முன்னவரிடையே 2.2 விழுக்காடு, பின்னவரிடையே 0.2 விழுக்காடு. மறுமுயற்சிகளின் அளவு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்பதையும் மறைக்கலாகாது; ஆயினும் காக்கப்பட்ட உயிர்களை எண்ணினால் செலவு மிகச் சிறிது.

மாவட்ட ஆட்சியரகம் அமைந்த வேங்கிக்காலிலிருந்து ஜவ்வாது மலை ஊர்கள் வரை விரிந்த திருவண்ணாமலை போன்றதொரு மாவட்டத்தில் இக்கணக்கு இன்னும் தெளிவாகும்: தீவிர சிகிச்சைக்காக நகை அடகு வைக்கும் குடும்பம், மறுபரிசோதனைக்கு வரப் பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கூலியையும் இழக்கிறது, தொலைபேசி விசாரிப்புக்கு அவ்விழப்பு இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கொண்டு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்து மறுமுயற்சிக்கான வாய்ப்பைக் குறைப்பதை அரசின் கடமையாக்கியது. 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1இல் வழக்கொழிந்தது.