வாங்கிய தேதிக்கு ஒரு வரி

வருமான வரி கைக்கு வந்த பணத்தில் பிடிக்கப்படுகிறது. சொத்து வரி அப்படியில்லை. வீட்டை விற்காமலே, ஒரு காசும் கைக்கு வராமலே, தெருவில் மனை விலை ஏறிவிட்டது என்பதற்காகவே அது ஏறும். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவருக்கு அந்த ஏற்றம் வீட்டையே காலி செய்யச் சொல்வதுபோல்தான். எனவே, குடியிருக்கும் வீட்டுக்கு வரி உயர்வில் ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. அந்த வரம்பை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1978-ல் அதை வீடு வாங்கிய தேதியைக்கொண்டு அளந்தது. மக்களின் கோபம் நியாயமானது, அவர்கள் கையில் எடுத்த அளவுகோல்தான் கோணலானது என்பதை அதன் பிறகான நாற்பது ஆண்டுகள் காட்டுகின்றன.

அந்தக் கோபத்தின் வேர் ஒரு லஞ்ச வழக்கில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சொத்தை மதிப்பிடும் அதிகாரி தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டியவர். வீட்டுக்காரர்களிடம் ஓட்டு அதிகம். ஆகவே வீடுகளின் மதிப்பைக் குறைத்தும் கடைகள், நிறுவனங்களின் மதிப்பைக் கூட்டியும் போடுவது எழுதப்படாத வழக்கமாக இருந்தது. 1965-ல் சான் பிரான்சிஸ்கோ மதிப்பீட்டு அதிகாரி ரஸல் வோல்டன் நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பைக் குறைத்தது அம்பலமானது, அவர் தண்டிக்கப்பட்டார். எல்லாச் சொத்துகளையும் சந்தை மதிப்பில் ஒரே மாதிரியாக 25 சதவீதத்துக்கு மதிப்பிட வேண்டும் என்று 1966-ல் சட்டம் வந்தது. ஊழலை ஒழித்த அந்தச் சட்டம், வீட்டுக்காரர்கள் அதுவரை அனுபவித்துவந்த மறைமுகச் சலுகையையும் சேர்த்தே துடைத்தெறிந்தது. அந்தக் கோணல் அதிகாரியையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சான் பிரான்சிஸ்கோவில் கார்களின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டும் அளவுக்கு வரி எகிறியது. திரைமறைவில் இருந்த சலுகையை எடுத்துவிட்ட அரசு, அதற்கு ஈடாக வெளிப்படையான ஒரு பாதுகாப்பைத் தரவில்லை. பிழை அங்கே தொடங்கியது.

எழுபதுகளின் நடுவில் தெற்குக் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. மதிப்பு ஏற ஏற வரியும் கூடவே ஏறியது. மாநிலக் கருவூலத்திலோ சுமார் 500 கோடி டாலர் உபரி கிடந்தது. ஆளுநர் ஜெரி பிரவுனும் சட்டமன்றமும் நிவாரணத்தை இழுத்தடித்துக்கொண்டிருந்தபோது, வரி உயர்வை எதிர்த்துவந்த ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் இருவரும் கையெழுத்து வேட்டை நடத்திப் 'புரொபொசிஷன் 13'-ஐ வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 1978 ஜூன் 6 அன்று சுமார் 65 சதவீத ஆதரவுடன் அது நிறைவேறியது. வரி விகிதம் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு 1975-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. சொத்து கைமாறினால் மட்டுமே சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேல் சரிந்தது.

கைமாறினால் மட்டுமே என்ற அந்த விதி என்ன செய்தது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கில் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸின் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் ஒரு பெண் 1988-ல் 1,70,000 டாலருக்குச் சாதாரண வீடொன்றை வாங்கினார். ஆண்டு வரி 1,700 டாலர். அடுத்த தெருவில், அதே அளவுள்ள, 1975 முதல் கைமாறாத வீட்டுக்கு வரி 358 டாலர். அவர் கட்டிய தொகை, மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறுமான மாளிகையைப் பழைய மதிப்பில் வைத்திருப்பவர் கட்டியதற்கு ஏறக்குறைய சமம். 1992-ல் நீதிபதிகள் எட்டுப் பேர் இது அரசியல் சாசனத்துக்கு முரணில்லை என்றார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். சட்டப்படி செல்லும் என்பதாலேயே ஒரு வரி நியாயமாகிவிடுவதில்லை.

வாங்கும்போதே வருங்கால வரி தெரிந்துவிடுகிறதே, அந்த நிச்சயம் பெரிய பலன் இல்லையா என்பார்கள். பலன்தான். ஆனால் ஏழைக்கும் கோடீசுவரருக்கும் அதை ஒரே மாதிரி வழங்க வேண்டிய கட்டாயம் இல்லை. விஸ்கான்சின் மாநிலம் 1964-லேயே, வருமானம் குறைந்த முதியோருக்கு வரிச்சுமையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் முறையைத் தொடங்கியது. கையில் பணமில்லாத முதியவரின் வரியை வீடு விற்கும்வரை ஒத்திவைக்கவும் வழியுண்டு. புரொபொசிஷன் 13 யாருடைய வருமானத்தையும் கேட்கவில்லை. வணிக வளாகத்துக்கும் அதே சலுகை. 1986-ல் பெற்றோரின் பழைய மதிப்பு பிள்ளைகளுக்கும் போகலாம் என்றானபோது, வாடகைக்கு விட்ட வீட்டுக்குக்கூட வரிச்சலுகை பரம்பரைச் சொத்தானது. 2020-ல்தான், பிள்ளை அந்த வீட்டில் குடியிருந்தாலொழிய இது கிடையாது என்று இறுக்கினார்கள். அதே தேர்தலில் வணிகச் சொத்துகளைச் சந்தை மதிப்புக்குக் கொண்டுவரும் முயற்சி தோற்றது.

அரசின் கையைக் கட்டிப்போட இது வேண்டும் என்பது இன்னொரு வாதம். கட்டுப்பட்டது உள்ளாட்சியின் கைதான். உள்ளூர் வரியைப் பங்கிடும் அதிகாரம் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போனது. பள்ளிகளும் நகரங்களும் மாநில நிதியை எதிர்பார்த்து நிற்கத் தொடங்கின. விட்டுப்போன பணத்தைப் புதிய வீடுகள் மீதான கட்டணங்களிலும் விற்பனை வரியிலும் தேடினார்கள். முன்பே வாங்கியவர் தப்பித்தார். அடுத்து வீடு தேடும் இளையவர் அவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

எந்த ஊரில் வீட்டு வரி உயர்வுக்கு வரம்பு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தாலும் அரசு காதுகொடுக்க வேண்டும். தாமதித்தால் மக்களே முரட்டுத்தனமாக ஒரு சட்டம் செய்துகொள்வார்கள். அந்த வரம்பு குடியிருப்பவரின் வருமானத்தைப் பார்த்து அமைய வேண்டும். பத்திரத்தில் இருக்கும் தேதியைப் பார்த்து அமையக் கூடாது.