ஒரு மட்டக்குதிரையின் பல ஊர்கள்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது நீரிழிவைப் பற்றியோ முழங்கால் நோவைப் பற்றியோ எழுதுவேன் என்று எண்ணியிருக்கக்கூடும். எமது வயதுக்கு அவை வேண்டியவைதான். ஆனால் பல வருடங்களாக ஓய்வு நேரத்தில் நான் படித்து வருவது பொம்மைக் குதிரைகளின் வரலாற்றை. அது எமது ஆரம்பப் பிரிவு மாமரத்தின் கீழ் நடந்த ஒரு சண்டையில் தொடங்கியது.

1989 கடைசியில் மதறாசிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஒரு மட்டக்குதிரைப் பொம்மை கொண்டுவந்தார். இளஞ்சிவப்பு உடம்பு, மஞ்சள் பிடரிமயிர், பின்தொடையில் வண்ணத்துப்பூச்சிகள். அதே தவணையில் வகுப்புத்தோழி ஒருத்திக்கும் கொழும்பிலிருந்து மாமா அனுப்பிய குதிரை வந்தது. அதே வடிவம், அதே வண்ணத்துப்பூச்சிகள். ஆனால் உடம்பு பொன்னிறம், மயிர் பட்டுப் போல. அவளிடம் பெட்டியும் இருந்தது. பெட்டியில் இருந்த படத்தைக் காட்டி, "உன்ரை கள்ளக் குதிரையடி, ஒறிஜினலுக்கு இந்த நிறம் இல்லை" என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை. அடுத்த நாள் நான் குதிரையைப் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை. பிறகு ஒருநாளும் கொண்டுபோகவில்லை.

இந்தக் குதிரைகளின் தாய்வீடு அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம். அங்கு வேலை செய்த பொனி ஸாக்கெர்லி என்ற ஓவியர், சிறுமியாக ஜப்பானில் வளர்ந்தபோது ஒரு மட்டக்குதிரைக்கு ஆசைப்பட்டவர். 1981இல் வெளிவந்த முதற் குதிரை பத்து அங்குல உயரம், கடினமான பிளாஸ்ரிக், மண்ணிறம். விசையை அசைத்தால் காதை ஆட்டிக் கண்ணடிக்கும். அதன் பின் வந்த சிறிய, மென்மையான, நிறநிறமான ஆறு குதிரைகளே உலகைப் பிடித்தன. அவற்றில் பட்டர்ஸ்கொச் என்ற பொன்னிறக் குதிரைதான் தோழியிடம் இருந்தது. குதிரை என்றால் நெடுந்தீவில் மேய்வதுதான் என்றிருந்த எங்களுக்கு அது எவ்வளவு புதுமை என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கக் கடைகளுக்குப் போனவை பெரும்பாலும் ஹொங்கொங்கிலும் பின்னர் சீனாவிலும் செய்யப்பட்டன. ஆனால் எல்லா நாடுகளும் வெளிநாட்டு விளையாட்டுச் சாமானை எளிதில் உள்ளே விடவில்லை. பிறேசில் தன் தொழில்களைக் காக்க இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. இந்தியாவில் நுகர்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கியது 2001இல்தான். அத்தகைய இடங்களில் உள்ளூர் நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தாங்களே செய்தன. பிறேசிலில் எஸ்ட்ரெலா செய்தது. அங்கு அதன் பெயருக்கு 'என் அருமை மட்டக்குதிரை' என்று பொருள். கிரேக்கத்தில் எல் கிரெக்கோ. இத்தாலி, ஸ்பெயின், மெக்சிக்கோ, ஆர்ஜென்ரீனா, பெரு என்று பட்டியல் நீளும்.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் வேறுபாடு ஏன் வந்தது என்பது விளங்கும். கூழ்மமான வினைலை அச்சுக்குள் விட்டுச் சூட்டில் சுழற்றினால் உள்ளே வெறுமையான உடம்பு கிடைக்கும். தலை வேறாக வார்க்கப்படும்; மயிரைத் தையல் இயந்திரம் தலையில் பதிக்கும்; வால் ஒரு துளையால் இழுக்கப்பட்டு உள்ளே உலோக வளையத்தில் நிற்கும். அச்சு ஒன்றாக இருந்தாலும் சாயமும் நைலோனும் அந்தந்த ஊரில் கிடைத்தவை. அதனால் ஒரே முகம் ஓரிடத்தில் நீலமாகவும் இன்னோரிடத்தில் மஞ்சளாகவும் பிறந்தது.

இத்தகைய நாட்டுக் குதிரைகளை மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் 'நிர்வாணா' என்று அழைக்கிறார்கள். தமிழில் அச்சொல் என்ன பொருள் தரும் என்று ஒருமுறை விளக்கினேன். குதிரைகள் சட்டை போடுவதில்லைத்தானே என்று சிரித்தார்கள்.

எனக்கு நெருக்கமானது இந்தியக் கிளை. 1946இல் மதறாஸ் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கொட்டிலாகத் தொடங்கியதே பின்னாளில் ரயர் செய்யும் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. அது 1987இல் ஹாஸ்ப்ரோவுடன் கூட்டாக ஃபன்ஸ்கூலை நிறுவி, கோவாவில் தொழிற்சாலை அமைத்தது. இந்தியக் குதிரைகள் அங்கிருந்து வந்தன. பெட்டிப் படத்தோடு ஒத்துப்போகாத நிறச் சேர்க்கைகளே அவற்றின் அடையாளம். இன்று சேகரிப்பாளர்கள் தேடித் திரிவதும் அதற்காகத்தான்.

இதையெல்லாம் நான் இங்கிலாந்தில் வைத்தியராக வந்து பல வருடங்களின் பின்னரே அறிந்தேன். ஒரு சேகரிப்பாளர் சந்தையில், 'இந்தியா' என்று எழுதிய தட்டில், இளஞ்சிவப்பு உடம்பும் மஞ்சள் மயிருமாக அது நின்றது. பேரம் பேசாமல் வாங்கினேன். அம்மா விலையை அறிந்தால் இன்றும் ஏசுவார்.

என்னுடையது எங்கே என்று கேட்பீர்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு பை என்றார் அம்மா. சான்றிதழ்கள், இரண்டு சட்டை, உயிரியல் கொப்பி. அலுமாரியைத் திறந்து குதிரையைப் பார்த்தேன். பையில் இடமிருந்தது. கள்ளக் குதிரைதானே என்று கதவைச் சாத்திவிட்டேன். சாவகச்சேரியிலிருந்து அடுத்த வருடம் திரும்பியபோது அலுமாரியே இல்லை.

இப்பொம்மைகளும் மூப்படைகின்றன. வினைலை மென்மையாக்கச் சேர்த்த தலேற்றுகள் மெல்லக் கசிந்து உடம்பு பிசுபிசுக்கும். இச்சேர்மங்கள் சிலவற்றைச் சிறுவர் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கட்டுப்படுத்தியது. தோலில் வரும் மண்ணிறப் புள்ளிகளைச் சேகரிப்பாளர்கள் 'புற்றுநோய்' என்கிறார்கள். நாள்தோறும் அச்சொல்லை உண்மையான மனிதரிடம் சொல்லவேண்டியிருப்பவளுக்கு அது பிடிக்கவில்லை. கழுவும்போது உள்ளே போகும் தண்ணீரால் வால் வளையம் துருப்பிடிக்கும். அதுவே கூடுதலாகக் காணும் நோய்.

1980களின் கடைசியிலும் 1990களிலும் மதறாசிலிருந்து வந்த குதிரை உங்களிடமோ உங்கள் வீட்டுப் பரணிலோ இருந்தால், பாதங்களையும் வாலடியையும் படமெடுத்துச் சங்கத்தின் மூலம் எனக்கு அனுப்புங்கள். நிறம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் அந்தத் தோழியையும் போன மாதம் அழைத்தேன். அவளுடைய பொன்னிறக் குதிரை பத்திரமாக இருக்கிறது. பாதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுவிட்டு, "ஹொங்கொங்" என்றாள். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு படம் அனுப்பினாள். வாலடியில் துரு. "என்ன செய்யிறது, டொக்டர்?" என்று கேட்டாள். தலையைக் கழற்றி வளையத்தை எடுக்கவேண்டும் என்றேன். அவளுக்கு இன்னும் மனம் வரவில்லையாம்.