பட்டத்துக்குப் பதினோரு வருடம்: அரசியல் அறிவியலில் டாக்டர் ஆக என்ன வேண்டும்?

பெயருக்கு முன்னால் "முனைவர்" போட்டுக்கொள்ள என்னவெல்லாம் வேண்டும்? நல்ல மார்க், நல்ல கைடு, ஒரு தடித்த ஆய்வேடு. இவ்வளவுதான் என்று நினைத்தால் அம்பேத்கரின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அரசியல் அறிவியலுக்கென்று அமெரிக்காவில் முறையான டாக்டர் படிப்பைக் கொண்டு வந்தவற்றில் முக்கியமானது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். ஜான் பர்ஜெஸ் என்ற பேராசிரியர் 1880இல் அங்கே அரசியல் அறிவியல் பள்ளியைத் தொடங்கினார். வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் எல்லாம் அந்தக் குடைக்குள்தான் இருந்தன.

1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் அங்கே போய்ச் சேர்ந்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு மட்டும். அவர் எடுத்த பாடங்களின் கணக்கு ஆச்சரியமானது. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4. அரசியலில் வெறும் 3! பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று.

1916இல் ஆய்வேட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு லண்டன் கிளம்பினார். ஆனால் பட்டம் வரவில்லை.

காரணம் ஒரு விதி. ஆய்வேட்டைப் புத்தகமாக அச்சிட்டு, அதன் பிரதிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தால்தான் பட்டம். மராட்டியத்தின் தலித் குடும்பத்திலிருந்து போன மாணவரிடம் அச்சுக்கூலிக்குப் பணம் ஏது? 1917இல் உதவித்தொகை முடிந்து ஊர் திரும்பினார். தனியாக அனுப்பிய புத்தகங்களும் போரில் மூழ்கிய கப்பலோடு போயின. பம்பாயில் கல்லூரி வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1920இல் மறுபடி லண்டன் போனார். 1923இல் அங்கே டி.எஸ்சி. பட்டமே வாங்கிவிட்டார். மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அவரது புத்தகம் லண்டனில் அச்சானது 1925இல்தான். கொலம்பியாவின் பிஎச்.டி. கைக்கு வந்தது 1927இல். பதினோரு வருடம்!

அறிவு 1916இலேயே தயார். காத்திருந்தது காசுக்குத்தான்.

இன்று விதிகள் எப்படி? இந்தியாவில் நடப்பது யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிமுறை. எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் சலுகை). நான்கு வருட இளநிலைப் படிப்பு என்றால் 75 சதவீதம். பிறகு நுழைவுத் தேர்வு அல்லது நெட், நேர்காணல், 12 முதல் 16 கிரெடிட் வரை பாடங்கள், ஆய்வேடு, கடைசியாக வாய்மொழித் தேர்வு. குறைந்தது மூன்று வருடம், பொதுவாக அதிகபட்சம் ஆறு வருடம். பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் அவகாசம் உண்டு. எம்.ஃபில். எடுக்கப்பட்டுவிட்டது.

பி.காம். படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: எந்த டிகிரி முடித்தவரையும் எம்.ஏ. அரசியல் அறிவியலில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. கதவு மூடவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று. 2016 விதியில், ஆய்வேடு கொடுக்கும் முன் இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்கு அது நல்ல வியாபாரம் ஆனது. 2022இல் அந்தக் கட்டாயத்தை யு.ஜி.சி. நீக்கியது. கொலம்பியாவின் அச்சு விதியும் இதுவும் ஒரே ஜாதி. தரத்துக்காகப் போட்ட விதி, பாக்கெட்டைப் பார்த்து ஆளை நிறுத்தியது.

ஆனாலும் பணக் கஷ்டம் போய்விடவில்லை. பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூலியில் ஓடும் வீட்டில், எம்.ஏ.வுக்குப் பிறகும் மூன்று முதல் ஆறு வருடம் சம்பளமில்லாமல் ஒரு பிள்ளை படிப்பது என்றால் லேசான விஷயமா? ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர் நிலை?

யு.ஜி.சி. பட்டியலில் எழுதாத தகுதி அதுதான். காத்திருக்க வசதி. அது இல்லாமலேயே ஒருவர் பதினோரு வருடம் காத்திருந்து வாங்கினார் என்பது பெருமை. எல்லோரும் அம்பேத்கராக இருந்தால்தான் முடியும் என்றால், அது நல்ல விதி அல்ல.