பழைய எழுத்தும் புதிய வாசகரும்

ஓர் எழுத்து ஒருமுறை அச்சேறிவிட்டால் அது நிலைபெற்றுவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஏட்டுச் சுவடிக்குச் செல்லரிக்கும் ஆபத்து உண்டு, அச்சு நூலுக்கு அது இல்லை என்பது நமது நம்பிக்கை. தமிழ் நூல்களின் பதிப்பு வரலாறு இந்த நம்பிக்கைக்கு அதிகம் இடந்தருவதாயில்லை. அச்சான நூல்களும் மறைந்து போயின. இதழ்களில் வெளிவந்த அருமையான கட்டுரைகள் அந்த இதழோடு சேர்ந்து கண்ணுக்கு எட்டாமற் போயின. நமக்கு வந்து சேர்ந்தவை, யாரோ ஒருவர் மீண்டும் எடுத்து, தமது காலத்து வாசகருக்கு ஏற்ற வடிவிற் கொடுத்தவையேயாம்.

இவ்வாறு மீளக் கொடுப்பதைச் சிலர் குறைவாக மதிப்பதுண்டு. "பழையதைத்தானே திரும்பப் போட்டிருக்கிறார்" என்று சொல்லிவிடுவார்கள். அச்சொல்லின் பொருத்தத்தைச் சோதிக்க நமது மண்ணிலேயே நல்லதோர் உதாரணம் இருக்கிறது. தொல்காப்பியம் யாழ்ப்பாணத்து அறிஞர் கைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்ட பதிப்புகளின் கதை அது.

சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் பதிப்பித்தார். ஆறுமுக நாவலர் அதனைப் பரிசோதித்து உதவினார். நாவலர் 1879இல் மறைந்தார். அதன்பின் பிள்ளையவர்கள் தனியாகவே பெரும் பாரத்தைச் சுமந்தார். வீரசோழியம் 1881இலும், இறையனார் அகப்பொருள் 1883இலும் வந்தன. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் முழுவதும் முதன்முதலாக அச்சு வடிவம் பெற்றது. 1887இல் கலித்தொகை வந்தது.

பொருளதிகாரம் அச்சாகும் முன்னர் அதனை அறிந்தவர் யார்? சுவடி வைத்திருந்த வித்துவான்கள் சிலரும், அவர்களிடம் பாடங்கேட்டவர் சிலருமே. நூல் பழையது, ஆனால் 1885இல் அதனைக் கையிலெடுத்த பெரும்பாலார்க்கு அது முற்றிலும் புதியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு நூல் ஒரு வாசகனுக்கு நேற்று எழுதப்பட்டது போல வந்து சேரலாம் என்பதைத் தமிழுலகம் அப்போது கண்டது.

அந்தப் பதிப்பிலே பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுக்கும் உள்ள உரை நச்சினார்க்கினியர் உரை என்றே குறிக்கப்பட்டிருந்தது. கிடைத்த சுவடிகளைக் கொண்டு பிள்ளையவர்கள் செய்த முடிவு அது. ஆயினும் பிற்பகுதியிலுள்ள மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் நான்கு இயல்களுக்கு அங்கே அச்சான உரை பேராசிரியருடையது. இந்த உண்மை வெளிப்பட்ட இடம் ஓர் இதழ். மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம் செந்தமிழ் என்னும் இதழை நடத்தியது. அதன் முதல் ஆசிரியரான ரா. இராகவையங்கார் அவ்விதழில் எழுதிய கட்டுரையே பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைத் தக்க காரணங்களுடன் நிலைநாட்டியது.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு பதிப்பு வெளிவந்திராவிடில் அதனைத் திருத்தும் கட்டுரையும் பிறந்திராது. சுவடி வீட்டுக்குள் இருந்தவரை உரையாசிரியர் யார் என்ற வழக்கு எழவில்லை. பலர் பார்க்கும்படி அது வெளியே வந்த பின்பே வழக்கு எழுந்தது, தீர்ப்பும் கிடைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஓர் இதழின் பக்கங்களில் இருந்தது. இதழை வாங்கியவர் அதனை அறிந்தனர். இதழைக் கட்டிப் பாதுகாத்தவர் பின்னரும் அறிந்தனர். 1885ஆம் ஆண்டுப் பதிப்பை மட்டும் வைத்திருந்த ஒருவர் அதனை அறிய வழியில்லை. கட்டுரையின் பயன் நூலுக்குள் வந்து சேரவேண்டுமாயின் நூல் மீண்டும் பதிக்கப்பட வேண்டும். 1916-17 காலப்பகுதியில் ச. பவானந்தம்பிள்ளை சென்னையிலே பேராசிரியர் உரையை உரியவர் பெயருடன் பதிப்பித்து அதற்கு வழி செய்தார்.

ஈழத்திலே அந்தப் பணியை நிறைவாகச் செய்தவர்கள் இருவர். ஒருவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். மற்றவர் குரும்பசிட்டி நா. பொன்னையா.

கணேசையர் 1878இல் பிறந்தவர். நாவலரின் மருகர் பொன்னம்பலபிள்ளையிடமும், சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரிடமும் பாடங்கேட்டவர். சுன்னாகம் பிராசீன பாடசாலையிலே தலைமையாசிரியராயிருந்து மாணவர்க்குக் கற்பித்தவர். செந்தமிழ் இதழிலே தொல்காப்பியம் பற்றிய கட்டுரைகளைப் பல காலம் எழுதி வந்தார். ஓர் ஆசிரியர் ஒரே நூலைப் பல ஆண்டுகள் கற்பிக்கும்போது மாணவன் எந்த இடத்தில் நின்று தடுமாறுவான் என்பதை அறிவார். அந்த அறிவு சுவடி ஒப்பிடுவதால் மட்டும் வருவதன்று. உரைவிளக்கக் குறிப்புகளை அவர் எழுதிய முறையிலே வகுப்பறையின் சாயல் இருப்பதை வாசிப்பவர் உணரலாம். உரையாசிரியர் சுருக்கிச் சொன்னதை விரிப்பார். ஓர் உதாரணம் ஏன் அந்தச் சூத்திரத்துக்குக் காட்டப்பட்டது என்பதை விளக்குவார். கருத்து மாறுபாடு இருந்தால் அதனையும் ஒளிக்காமற் சொல்வார்.

பொன்னையா அவர்கள் 1930இல் ஈழகேசரி வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர். சுன்னாகத்தில் இருந்த அவருடைய திருமகள் அழுத்தகம் பத்திரிகையோடு பாடநூல்களையும் இலக்கிய நூல்களையும் அச்சிட்டது. கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியத்தை முழுவதுமாக வெளியிட வேண்டும் என்ற எண்ணத்தை அவர் செயலாக்கினார். 1937இல் எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் வந்தது. 1938இல் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் பொருளதிகாரத்தின் பின்னான்கியலும் பேராசிரியமும் வந்தன. 1948இல் முன்னைந்தியலும் நச்சினார்க்கினியமும் வந்து பணி முற்றுப்பெற்றது.

பின்னான்கியலும் பேராசிரியமும், முன்னைந்தியலும் நச்சினார்க்கினியமும் என்ற அந்த இரண்டு தலைப்புகளையும் ஒருமுறை கவனியுங்கள். இதழிலே வந்த ஒரு கட்டுரையின் முடிவு இப்போது ஈழத்துப் பதிப்பின் முகப்பிலேயே ஏறிவிட்டது. 1943இல் நூலை வாங்கிய வாசகருக்கு அந்தப் பழைய விவாதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் பயன் அவருக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. இதனால் தாமோதரம்பிள்ளையவர்களின் பெருமை சிறிதும் குறையவில்லை. அவர் போட்ட பாதையிலேதான் பின்வந்தோர் நடந்தனர். பழையதைத் திரும்பப் போடுவதென்பது இதுவானால், முதல் வாசகருக்குக் கிடைத்ததைவிட அதிகமாகப் பின்வந்த வாசகருக்குக் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்தப் பின்வந்த வாசகர் யார்? 1921இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்று தேர்வுகளை நடத்தி வந்தது. அத்தேர்வுகளுக்குப் படித்தவர்களிலே கிராமத்துப் பாடசாலை ஆசிரியர்கள் பலர். பகலிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி, இரவிலே விளக்கு வெளிச்சத்தில் இலக்கணம் படித்தவர்கள். அவர்கள் எல்லாருக்கும் ஒரு வித்துவானின் திண்ணையில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்க வசதியில்லை. கணேசையரின் குறிப்புகள் அத்தகையோர்க்கு ஆசானாயின. புதிய வாசகர் என்றால் வயதால் இளையவர் என்று மாத்திரம் பொருளன்று. முன்னர் அந்த நூலின் வாசல்வரை வர இயலாதிருந்தவர் எவரும் புதிய வாசகரே.

மற்றொரு வகையான மீள்வெளியீட்டையும் சொல்ல வேண்டும். தாமோதரம்பிள்ளையவர்கள் தாம் பதித்த நூல்களுக்கு நீண்ட பதிப்புரைகள் எழுதினார். கலித்தொகையைப் படிப்பவரே கலித்தொகைப் பதிப்புரையையும் படிப்பர். ஏனையோர் கண்ணில் அது படாது. யாழ்ப்பாணக் கூட்டுறவுத் தமிழ் நூற்பதிப்பு விற்பனைக் கழகம் 1971இல் அந்தப் பதிப்புரைகளை ஒன்றுசேர்த்துத் தாமோதரம் என்ற பெயரில் தனி நூலாக வெளியிட்டது. பல நூல்களின் வாசலிலே நின்ற உரைகள் ஒரே வீட்டுக்குள் வந்தன. தனித்தனியே முன்னுரைகளாக இருந்தவை, சேர்த்துப் படிக்கும்போது ஒரு மனிதரின் வாழ்க்கைப் போராட்டமாகத் தெரிந்தன. ஒரு சொல்லையும் புதிதாக எழுதாமலே ஒரு புதிய நூல் உண்டாயிற்று.

எனது உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அந்நூலிலிருந்து சில பகுதிகளை வாசித்துக் காட்டுவதுண்டு. தொட்டாலே உதிரும் ஏடுகளின் நிலையைச் சொல்லி, அழிவதற்குள் காப்பாற்ற வாருங்கள் என்று அவர் தமிழ் மக்களை அழைக்கும் பகுதி அவற்றுள் ஒன்று. ஒருமுறை அதைக் கேட்ட மாணவன் ஒருவன், "சேர், இவர் புதுக்கோட்டையிலை நீதிபதியா இருந்தவர் எண்டு சொன்னீங்கள். இதிலை வழக்காடுறவர் மாதிரியெல்லோ பேசுறார்" என்றான். தொல்காப்பியம் அவனுக்கு இன்னும் தூரத்தில் இருந்த நூல். ஆனால் அதற்காக வழக்காடிய மனிதரை அவன் கண்டுகொண்டான். 1971இல் அந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் இல்லாவிடில் அந்தப் பையனின் வாயிலிருந்து அச்சொல் வந்திராது.

இந்தப் பணி தமிழுக்கு ஓர் அலங்காரம் அன்று, உயிர்ப் பிரச்சினை என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் இல்லை. 1981ஆம் ஆண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் போயின. அங்கிருந்த தொல்காப்பியப் பிரதிகளும் எரிந்திருக்கும். ஆயினும் தொல்காப்பியம் எரியவில்லை. சுன்னாகத்திலே அச்சான பிரதிகள் பல வீடுகளிலும், கடல் கடந்த ஊர்களிலும் இருந்தன. 2007இல் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் கணேசையர் பதிப்பை மீண்டும் வெளியிடவும் அது உதவிற்று. ஒரே ஒரு பிரதியாய் இருந்த சுவடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எரிந்தது எரிந்ததுதான். ஒரு எழுத்தை இரண்டாம் முறை அச்சிடுபவன் அதனை நெருப்புக்கு எட்டாத இடத்திலும் வைக்கிறான்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி எவரும் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. ஈழகேசரி இதழ்கள் பலவற்றையும் இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இதற்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆயினும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். காப்பாற்றப்பட்டது வேறு, வாசிக்கப்படுவது வேறு. ஆயிரம் பக்கங்கள் திறந்து கிடக்கும் இடத்தில் எந்தப் பக்கத்தை எடுப்பது என்று ஒரு மாணவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் தேர்ந்து கொடுக்க வேண்டும்.

தேர்ந்து கொடுப்பவருக்கும் சில கடமைகள் உண்டு. எழுத்து முதலில் எங்கே, எந்த ஆண்டில் வந்தது என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும். இன்று மலிவாக வரும் மறுபதிப்புகள் சிலவற்றில் முதற்பதிப்பின் ஆண்டும் இருப்பதில்லை, பழைய பதிப்புரையும் இருப்பதில்லை. அத்தகைய நூலைப் படிக்கும் மாணவன் 1930ஆம் ஆண்டின் கருத்தை இன்றைய கருத்தென்று மயங்குவான். அடுத்து, பிற்கால ஆராய்ச்சி மாற்றிய செய்தி இருந்தால் அதனைக் குறிப்பாகத் தர வேண்டும். மூலத்திலே கைவைத்து மாற்றக் கூடாது. கணேசையர் தமது விளக்கத்தை உரைக்குள் கலக்காமற் குறிப்பாகவே வைத்தார். பழையவர் சொன்னது எது, தாம் சொல்வது எது என்ற எல்லை அங்கே அழியவில்லை. இறுதியாக, இந்த எழுத்து இன்று ஏன் வேண்டும் என்று இரண்டு வரியாவது சொல்ல வேண்டும். அந்த இரண்டு வரியைச் சொல்ல இயலாவிட்டால், அதனை இப்போது மீண்டும் வெளியிடத் தேவையில்லை.

வானொலியில் ஒருநாள் ஒலித்து, இன்று இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு வந்திருக்கும் இவ்வுரையும் அத்தகைய ஒரு மறுவருகையே. கேட்டவர் வேறு, வாசிப்பவர் வேறு. இதன் ஆயுள் எவ்வளவு என்பது என் கையில் இல்லை.

உங்கள் வீட்டு அலுமாரியின் மேற்தட்டில் பழைய பாடசாலை மலர்களோ, சஞ்சிகைகளோ, நினைவு மலர்களோ இருக்கக்கூடும். அவற்றில் ஒரு நல்ல கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து, வீட்டிலுள்ள இளையவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சுன்னாகத்து அச்சுக்கூடத்தில் நடந்த பெரிய வேலையும் அடிப்படையில் இதுதான்.