மிகை அளவுக் கோரிக்கைப் பிழை

தரவுத்தளத்துக்கு ஏபிஐ வழியாகச் செல்லும் ஒரு கோரிக்கை, இடையிலுள்ள ஏதாவதோர் அடுக்கு ஏற்கும் அளவை மீறும்போது எழுவது மிகை அளவுக் கோரிக்கைப் பிழை. தரவில் குறை இருக்காது. சில நூறு பதிவுகளோடு சோதித்தபோது நன்றாக ஓடிய நிரல், பல்லாயிரம் பதிவுகளை ஒரே மூச்சில் ஏற்றும்போது நின்றுவிடும்.

மறுத்தது எந்த அடுக்கு என்று கண்டறிவதே பாதி வேலை. எச்டிடிபி 413 வந்தால், கோரிக்கை பெரும்பாலும் தரவுத்தளத்தை எட்டவே இல்லை. முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் சேவையகத்தின் இயல்பு வரம்பு 1 மெகாபைட் மட்டுமே. ஆயிரக்கணக்கான அடையாள எண்களை இணைய முகவரியிலேயே கோத்து அனுப்பினால் 414 வரும்.

மைஎஸ்கியூஎல் மறுக்கும்போது 1153 என்ற பிழை எண் வருவதுண்டு. சில வேளைகளில் இணைப்பே அறுந்து 2006 வரும். அதைக் கண்டு வலையமைப்பைச் சந்தேகித்துப் பலர் நேரத்தை இழக்கிறார்கள். பாக்கெட் அளவு வரம்பையும் உடனே பார்க்க வேண்டும். சேவையகத்தில் அதன் இயல்பு மதிப்பு 5.7 பதிப்பில் 4 மெகாபைட், 8.0 பதிப்பில் 64 மெகாபைட்.

அளவு என்பது பைட் கணக்கு மட்டுமல்ல. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒரு வினவலில் 65,535 அளவுருக்களுக்கு மேல் ஏற்காது. அந்த எண்ணிக்கை 2 பைட்டுகளில் பயணிப்பதே காரணம். 20 நெடுவரிசை கொண்ட அட்டவணையில் 3,276 வரிசைகளை ஒரே வினவலில் சேர்க்கலாம். இன்னொன்று கூடினால் பிழை. மோங்கோடிபியில் ஓர் ஆவணத்தின் உச்சம் 16 மெகாபைட்.

வரம்பை உயர்த்துவதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். பெரிய கோரிக்கை நினைவகத்தைத் தின்னும். ஒரே பரிவர்த்தனையில் அடங்கினால் பூட்டுகளையும் நெடுநேரம் பிடித்து வைக்கும். பைட், எண்ணிக்கை இரண்டையும் பார்த்துத் தொகுதிகளாகப் பிரிப்பதே சரியான தீர்வு. படங்களைப் பேஸ்64 வடிவில் அனுப்பினால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். கோப்பைத் தனியே சேமித்து, அதன் முகவரியை மட்டும் தரவுத்தளத்தில் வைப்பது நல்லது.

பிரித்த பின் புதிய பொறுப்பு ஒன்று வருகிறது: சில தொகுதிகள் ஏறியபின் ஒன்று தவறலாம். மறுபடி அனுப்பும்போது பதிவுகள் இரட்டிக்காதபடி தனித்துவச் சாவி வேண்டும். 413 பெற்ற கோரிக்கையை அப்படியே திரும்ப அனுப்புவதில் பயனில்லை. அமேசானின் டைனமோடிபி ஒரு தொகுதியில் 25 எழுதல்களை ஏற்கிறது. அவற்றில் சில நிறைவேறாதபோதும் பதில் வெற்றி என்றே வரலாம். விடுபட்டவற்றின் பட்டியல் அந்தப் பதிலுக்குள் இருக்கும். அது காலியாகும்வரை இடைவெளியை நீட்டிக்கொண்டே மீண்டும் அனுப்ப வேண்டும்.