அமேசான் காடழிப்பின் காரணங்கள்

ஒரு நிலம் காடாக இருப்பது நின்று வேறு பயன்பாட்டுக்கு மாறினால் அது காடழிப்பு. மரங்கள் நின்றிருக்க, அடர்த்தியும் ஈரமும் உயிர்வளமும் தேய்ந்துபோனால் அது காட்டுச் சிதைவு. வெப்பமண்டலக் காடுகள் அனைத்தும் ஒரே காரணத்தால் அழிவதில்லை. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும், காங்கோ ஆற்றுப்படுகையில் சிறு விவசாயிகளின் இடம்பெயர் சாகுபடியும் முன்னிற்கின்றன. பிரேசிலின் அமேசானில் அழிக்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சலில் இருக்கிறது. ஆனால் மேய்ச்சல்தான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டால் அது அரைப் பதில். ஒரு எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு மாடு என்ற அளவில் நடக்கும் இத்தொழிலில் இறைச்சியால் வரும் வருமானம் சொற்பம். அதற்காக இவ்வளவு காட்டை வெட்டுவானேன் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்: மரம் போன இடத்தில் பட்டா முளைக்கிறது.

இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தது அரசேதான். 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அமேசானை ஆளில்லாத நிலமாகக் கருதியது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடியினர் அதன் கணக்கில் வரவில்லை. 1966 முதல் பெரும் மாட்டுப்பண்ணைகளுக்கு வரிச்சலுகை கொடுக்கப்பட்டது. 1970இல் அமேசானை ஊடறுக்கும் நெடுஞ்சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டு, வறட்சியால் தவித்த வடகிழக்கு மக்கள் அதன் ஓரங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1980களில் உலக வங்கிக் கடனுதவியுடன் ரோண்டோனியா மாநிலத்துக்குத் தார்ச்சாலை போடப்பட்டது. சாலையிலிருந்து கிளைச்சாலைகள் பிரிய, காடு மீன்முள் வடிவில் அழிந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமேசான் காடழிப்பில் 95 விழுக்காடு சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ நடந்தது. காட்டைத் திருத்தியதே நிலத்தைப் பயன்படுத்துவதற்கான சான்றாக ஏற்கப்பட்டதால், வெட்டாமல் வைத்திருந்தவர் உரிமை கோர முடியாத நிலை உருவானது.

இன்றும் நடைமுறை அதிகம் மாறவில்லை. பாதுகாக்கப்பட்ட காடென்றோ பழங்குடி நிலமென்றோ வகைப்படுத்தப்படாத அரசுக் காடு, நம் வழக்கில் சொன்னால் புறம்போக்கு, 5 கோடி எக்டேருக்கும் மேல் இருக்கிறது. அங்கே விலைமதிப்புள்ள மரங்களை முதலில் எடுத்துவிடுகிறார்கள். மீதியை வெட்டி, கோடையில் காயவிட்டு எரித்து, புல் விதைத்து மாடுகளை விடுகிறார்கள். அந்த மாடுகள் வேலிக்குப் பதிலாக நிற்கின்றன. பிறகு போலிப் பத்திரம் தயாராகிறது. இந்த மோசடிக்குப் போர்த்துகீசிய மொழியில் 'கிரிலாஜெம்' என்று பெயர்; 'கிரிலோ' என்றால் சில்வண்டு. புதுப் பத்திரத்தைச் சில்வண்டுகளோடு பெட்டியில் அடைத்துப் பழுப்பேற்றிப் பழைய ஆவணமாகக் காட்டிய தந்திரத்திலிருந்து அப்பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். கடைசியில் அரசே வரன்முறைப்படுத்திவிடுகிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2004 டிசம்பருக்கு முந்தைய ஆக்கிரமிப்புகளை ஏற்றது. 2017இல் அந்தக் கெடு 2008 ஜூலைக்குத் தள்ளப்பட்டது. ஒருமுறை நகர்ந்த கெடு மறுமுறையும் நகரும் என்று ஆக்கிரமிப்பாளர் எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

மக்கள்தொகையும் வறுமையும்தான் மூலகாரணம் என்போர் உண்டு. காங்கோவைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. அமேசானில் புள்ளிவிவரம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டுக் காடழிப்பு 2012இல் 4,571ஆகக் குறைந்தது. அதே காலத்தில் மக்கள்தொகை கூடியது. சோயா விளைச்சலும் பெருகியது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, புதிய காப்பகங்கள், விதிமீறுவோருக்கு வேளாண் கடன் மறுப்பு ஆகியவை சேர்ந்தபோது, வெட்டினால் நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை தளர்ந்தது. அப்போது சந்தை விலையும் சில ஆண்டுகள் சரிந்திருந்ததே என்பது நியாயமான மறுப்பு. அதற்கும் பங்கு உண்டு. ஆனால் விலை மீண்ட பின்னும் சில ஆண்டுகள் காடழிப்பு தாழ்ந்தே இருந்தது. மேற்பார்வை தளர்ந்த ஆட்சியில், 2021இல், அது 13,038 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. 2006இல் வணிக நிறுவனங்கள் புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டதும் பயன் தந்தது. எனினும் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள செராடோ புல்வெளிக்காடுகளை அந்த ஒப்பந்தம் காக்கவில்லை. சந்தை அழுத்தம் கொடுக்கிறது. அது எந்த நிலத்தின் மேல் விழும் என்பதை உரிமைச் சட்டமே முடிவுசெய்கிறது.

சிதைவின் கதை சற்று வேறு. ஈரமான மழைக்காடு தானாகத் தீப்பிடிப்பது அரிது. மரம் எடுக்கத் திறந்த வழிகளில் வெயில் இறங்கித் தரையைக் காயவைக்கிறது. பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் வைத்த தீ உள்ளே புகுகிறது. 2005, 2010, 2015-16 போன்ற வறட்சி ஆண்டுகளில் அது அடங்குவதில்லை. எஞ்சிய அமேசான் காட்டில் ஏறத்தாழ 38 விழுக்காடு ஏதோ ஒரு வகையில் சிதைந்திருப்பதாக 2023இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் காடழிப்புக் கணக்கில் இந்தப் பரப்பு சேராது.