ஈக்காட்டுத்தாங்கல்: வீடும் வாடகையும்

ஈக்காட்டுத்தாங்கல், அடையாற்றின் தென்கரையில் அசோக் நகருக்கும் கிண்டிக்கும் இடையில் அமைந்த சென்னைக் குடியிருப்புப் பகுதி. ஆற்றுக்கு அக்கரையில் ஜாபர்கான்பேட்டை. ஜவஹர்லால் நேரு சாலை (நூறடி ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்) ஊரை ஊடறுத்துச் செல்கிறது. மயிலாப்பூர்போலத் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் வசிப்பவர்களின் ஊராக இது பெயர் பெறவில்லை. வேலை எங்கிருக்கிறதோ அதை ஒட்டிக் குடிவந்தவர்களே இதை வளர்த்தார்கள்.

அந்த வேலையைக் கொண்டுவந்தது 1958-ல் தொடங்கப்பட்ட கிண்டி தொழிற்பேட்டை. லேத் பட்டறைகளிலும் சிறு ஆலைகளிலும் வேலை செய்தவர்களுக்கு, பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் கொண்ட ஒண்டுக்குடித்தன வரிசைகள் போதுமாக இருந்தன. 2000-க்குப் பிறகு பட்டறை நிலத்தில் ஒலிம்பியா போன்ற தொழில்நுட்பப் பூங்காக்கள் எழுந்தன, ஜெயா டி.வி., புதிய தலைமுறை போன்ற தொலைக்காட்சி நிலையங்களும் வந்தன. 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூர்–கோயம்பேடு மெட்ரோ ஓடத் தொடங்கியதும் இங்கொரு நிலையம் கிடைத்தது. குடியிருப்போரின் முகமும் மாறியது: மென்பொருள் ஊழியர்கள், செய்தியாளர்கள், பட்டறைகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள். பல வீடுகள் பி.ஜி. விடுதிகளாயின. குடும்பத்துக்கு விட்டால் ஒரு வாடகை. கட்டில் கணக்கில் விட்டால் அதே வீட்டுக்குப் பல வாடகை. ‘பேச்சிலருக்கு வீடில்லை’ என்று சொல்லும் வீட்டுக்காரர்களும் விடுதிக்காரருக்கு மொத்தமாக விடத் தயங்குவதில்லை.

வாடகையைவிடப் பெரிய தடை அட்வான்ஸ்தான். சென்னையின் நெடுநாள் வழக்கம் பத்து மாத வாடகை. மாதம் 20,000 ரூபாய் வீடென்றால் அட்வான்ஸ் 2 லட்சம், தரகருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை எனச் சாவி வாங்குவதற்குள் 2.4 லட்சம் கரைந்துவிடும். சம்பளத்தில் வாடகை கட்ட முடிந்தவரும் இங்கேதான் இடறுகிறார். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் அடக்கியது. ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. பத்து மாத வழக்கம் அந்த இடுக்கில் பிழைத்துக்கொண்டது. காலி செய்யும்போது ‘பெயிண்ட் செலவு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் வாடிக்கை. 2016 முதல் வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்றாலும், சப்-மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரருக்குக் கட்டுபவருக்கு அதனால் பயனில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்ட நீரும் மழைநீரும் சேர்ந்து அடையாறு கரையை மீறியது. ஆற்றோரத் தெருக்கள் மூழ்கின. அதன்பிறகு தரைத்தளம் பார்க்க வருபவர், ‘அந்த வருஷம் இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?’ என்று கேட்காமல் முன்பணம் தருவதில்லை. கீழே வண்டி நிறுத்தம், மேலே வீடு என்ற கட்டட முறைக்கும் இது கூடுதல் மதிப்பைத் தந்தது. அடையாற்றங்கரைக் குடிசைவாசிகள் பலருக்கு இப்படி விசாரித்து வீடு தேரும் வாய்ப்பே இல்லை. பெரும்பாக்கம் அடுக்ககங்களுக்கு அனுப்பப்பட்டு, வேலையிடத்திலிருந்து தூரமானார்கள்.

சொந்தமாக வாங்க நினைப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய தனிவீட்டை இடித்து எழுப்பிய சிறு அடுக்ககம். மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2019-இல் 1.5-லிருந்து 2 ஆக உயர்ந்ததால் அதே மனையில் கூடுதலாகக் கட்ட முடிகிறது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் நிலப்பங்கு சுருங்குகிறது. யு.டி.எஸ். என்று பத்திரத்தில் எழுதப்படும் இந்தப் பிரிக்கப்படாத பங்கைத்தான், பழைய ஃபிளாட் வாங்குவோர் அறைகளை அளப்பதற்கு முன்பே விசாரிக்கிறார்கள். அப்படி மறுவிற்பனையில் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வங்கிக் கடன் பெரும்பாலும் வீட்டின் விலையை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படும். இந்த 9 சதவீதத்தைக் கையிலிருந்து போட வேண்டும்.